எஞ்சினுக்கு வைத்த பொட்டு

எஞ்சினின் நெற்றியில் மட்டும் பொட்டு இருந்திருந்தால் மோகனப்ரியா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். விலாவிலும் இருந்தது. மூன்று பட்டைச் சந்தனம், நடுவில் குங்குமம், எல்லாம் சரியாக எண்ணின் மேல்.

"சரோஜம்மா!" என்று கத்தினாள்.

அவள் சாதாரணமாகக் கூப்பிட்டால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. இன்று எம்.டி. அறையிலிருந்து கேண்டீன் வரை கேட்டது. சரோஜம்மாள் கையில் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பது அவள்தான்.

"ஏனம்மா? பாம்பா?"

"இதுக்கு யார் பொட்டு வெச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் வெக்கச் சொன்னாங்க. வெச்சேன்."

"இது மெஷின் இல்லீங்க சரோஜம்மா. பொம்மை."

"எஞ்சின்னுதானே எல்லாரும் சொல்றீங்க? ஜெராக்ஸுக்கு வெச்சேன். காபி மெஷினுக்கு வெச்சேன். ஏசி ரிமோட்டுக்கு வெச்சேன். இத்தினிக்கும் வெச்சுட்டு ஒரு ரயிலுக்கு வெக்காம விட்டா அது மனசு என்ன பாடுபடும்?"

மோகனப்ரியா குனிந்து பார்த்தாள். சக்கரத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"அது எலுமிச்சங்கொட்டை" என்றாள் சரோஜம்மாள். "நாலு சக்கரத்துக்கும் பழம் வெச்சு ஏத்துனேன். சின்னப் பழமா கிடைக்கவே இல்ல. சந்தை பூரா தேடுனேன்."

அது ஒரு முழ நீளப் பித்தளை எஞ்சின். டீசல் எஞ்சினை அப்படியே சுருக்கிச் செய்தது. பச்சை உடம்பு, நடுவில் வெளிர்மஞ்சள் பட்டை. இரண்டு பக்கமும் வெள்ளை எழுத்தில் ஐந்து இலக்க எண். அதன் கீழே, எந்த ஊர் ஷெட்டைச் சேர்ந்த எஞ்சின் என்பதற்காக, ஈரோடு என்று ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர். எம்.டி. சிவராஜின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும்.

அந்த அறைக்குள் மோகனப்ரியா காபி வைக்க மட்டும் போவாள். தரையைப் பார்த்துக்கொண்டே போய், தரையைப் பார்த்துக்கொண்டே வருவாள். போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தபோதுதான் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். எம்.டி.யின் குரல் உடைந்திருந்தது.

"எங்கப்பா ஓட்டுன எஞ்சின் சார் இது. ஈரோடு ஷெட்டு. கண்ணை மூடுற வரைக்கும் இந்த நம்பரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

வந்தவர் எழுந்து நின்று எஞ்சினைக் கும்பிட்டார். மோகனப்ரியாவுக்கும் கண் கலங்கியது. தட்டில் இருந்த காபியை வைக்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

அந்த எஞ்சின்தான் இப்போது சந்தனம் பூசிக்கொண்டு நிற்கிறது. பூஜை முடிந்து விடுமுறையெல்லாம் போய் இன்றுதான் கம்பெனி திறந்திருக்கிறது. இன்றைக்கே புனேயிலிருந்து ஒரு புது வாடிக்கையாளர் வருகிறார். எம்.டி.யும் டிரைவர் கரியப்பனும் அவரை அழைத்துவர விடியற்காலையிலேயே பெங்களூரு விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள்.

மோகனப்ரியா பி.எஸ்.சி. வேதியியல் படித்தவள். குருபரப்பள்ளியில் இருக்கும் இந்தக் கம்பெனியில் லேப் வேலைக்குத்தான் விண்ணப்பித்தாள். ஊர் வேப்பனப்பள்ளி என்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும் என்று தெரிந்ததும் ரிசப்ஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். மூன்று மொழியிலும் அவள் பேசமாட்டாள் என்பதை யாரும் கேட்கவில்லை. இப்போது லேப்பில் இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இடம் காலி. எம்.டி. அவளிடம் சொல்லியிருந்தார்:

"இந்த விசிட் ஒரு குறையும் இல்லாம முடியட்டும். நாளையிலிருந்து நீ லேப்புக்குப் போயிடு. குறை வந்துச்சுன்னா, ரிட்டயர் ஆகுற வரைக்கும் ரிசப்ஷன்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈரத்துணியை எடுத்து எஞ்சினைத் துடைத்தாள். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் வரவில்லை. கரைந்து, எண்ணிலிருந்து வழிந்து, வெளிர்மஞ்சள் பட்டை மேல் ரோஸ் நிறத்தில் ஓடியது. அடிபட்டு ரத்தம் ஒழுகுகிற ரயில் மாதிரி இருந்தது.

"நல்ல குங்குமம்மா. கோயில் வாசல்ல வாங்குனது" என்றாள் சரோஜம்மாள் பெருமையாக. "சாமானியத்துல போவாது."

மோகனப்ரியா யோசித்தாள். இப்போது கடையில் விற்கிற குங்குமத்தில் பாதி சாயம். தண்ணீரில் பரவும். ஆல்கஹாலில் கரைந்து பஞ்சோடு வந்துவிடும். கல்லூரி லேப்பில் சாயத்தைப் பிரித்தது நினைவுக்கு வந்தது. லேப் சாவி ரிசப்ஷனில்தான் இருந்தது. போய் ஒரு சின்னப் பாட்டிலில் ஐ.பி.ஏ. எடுத்து வந்தாள். பொருள்களைத் துடைக்க லேப்பில் வைத்திருக்கும் ஆல்கஹால் அது.

பஞ்சை அதில் நனைத்து ஒரே ஒரு தடவை, மெதுவாகத் துடைத்தாள். குங்குமம் போய்விட்டது. பச்சை பளபளத்தது.

"ஆஹா!" என்றாள் சரோஜம்மாள். அப்புறம் கண்ணைச் சுருக்கினாள். "அம்மா, இங்க ஒரு நம்பர் இருந்துச்சே?"

மோகனப்ரியா பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். ரோஸ் கறைக்கு நடுவில், உரிந்த வெங்காயத் தோல் மாதிரி, ஒரு வெள்ளை ஏழு சுருண்டு கிடந்தது.

எஞ்சினைப் பார்த்தாள். ஏழு இருந்த இடத்தில் வெறும் பச்சை. பக்கத்து மூன்று சாய்ந்து நின்றது. அதை நேராக்க நகத்தால் தொட்டாள். மூன்றும் வந்துவிட்டது. கீழே ஊர்ப்பெயரின் பாதியும் அதோடு சேர்ந்து போயிருந்தது.

போன் அடித்தது. எம்.டி.

"மோகனா, ஃப்ளைட் சரியான டயத்துக்கு வந்துடுச்சு. கிளம்பிட்டோம். கேபின் ரெடியா?"

"ரெ... ரெடி சார்."

"பூஜைச் சாமானெல்லாம் எடுத்துடச் சொல்லு. அப்புறம் ஒரு விஷயம். அந்த எஞ்சினை நீ தொடாத. யாரையும் தொட விடாத. கரியப்பன் வந்து பாத்துக்குவான்."

போன் வைக்கப்பட்டது. மோகனப்ரியா தன் கையில் இருந்த எஞ்சினைப் பார்த்தாள். அப்பாவின் ஞாபகத்தைக் கரியப்பனைத் தவிர வேறு யார் கையிலும் விட மனம் வராத மனிதர். அவருடைய அப்பாவில் பாதியை அவள் பஞ்சால் துடைத்துவிட்டாள்.

"எங்க இருக்காங்களாம்?" என்று கேட்டாள் சரோஜம்மாள்.

"ஏர்போர்ட்."

"அப்ப இன்னும் சில்க் போர்டு சிக்னல் இருக்கு. பயப்படாதீங்க. அங்க மாட்டுனா பத்து ரயிலுக்குப் பேரு எழுதலாம்."

எழுதலாம் என்று சொன்னதோடு சரோஜம்மாள் நிற்கவில்லை. மேசையில் இருந்த ஒயிட்னர் பேனாவை எடுத்தாள். "நான் தினம் வாசல்ல இருபது புள்ளிக் கோலம் போடுறவ. அந்தப் பக்கம் இருக்கறதைப் பாத்து இந்தப் பக்கம் போட்டா முடிஞ்சது. கொண்டாங்க."

மறுபக்கத்து எண் நல்லவேளையாக முழுசாக இருந்தது. அங்கே சரோஜம்மாளின் கை போகவில்லை. சுவர் ஓரமாக இருந்ததால் தப்பியது.

மோகனப்ரியா யோசிப்பதற்குள் சரோஜம்மாள் வேலையை முடித்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் கோடாகப் பார்த்தாள். மூன்றுக்கு இரண்டு பக்கமும் சுழி வைத்தாள். ஏழின் வால் கொடியாக நீண்டது. ஊர்ப்பெயரின் கடைசி எழுத்து வெறுமையாக இருக்கிறதே என்று அதில் நாலு இதழ் போட்டு மூடினாள்.

"எப்படி?"

மோகனப்ரியா அதைத் துடைத்தாள். ஒயிட்னர் ஆல்கஹாலுக்கு அசையவில்லை. லேப்பிலிருந்து தின்னர் கொண்டுவந்து தொட்டாள். ஒயிட்னர் போனது. மிச்சம் இருந்த எண்ணும் போனது. ஊரும் போனது. பச்சையில் ஒரு சாம்பல் திட்டு மட்டும் நின்றது.

"சுத்தமா ஆயிடுச்சு" என்றாள் சரோஜம்மாள் மெல்லிய குரலில்.

மோகனப்ரியா எஞ்சினைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு, மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோருக்கு ஓடினாள்.

அந்தக் கம்பெனியில் செய்வது வண்டிகளின் பொத்தான்கள். கார், பஸ், டிராக்டர் எதுவாக இருந்தாலும் ஹாரன், விளக்கு, வைப்பர் என்று பொத்தான் மேல் ஒரு குட்டிப் படம் இருக்குமே, அதை அச்சடிப்பது தங்கதுரையின் பிரிவு. அவர் சாத்தூர்க்காரர். அவருடைய மெஷினில் பலூன் மாதிரி மெத்தென்ற சிலிக்கான் உருண்டை ஒன்று தொங்கும். அது தகட்டின் மேல் இறங்கி மையை ஒற்றி எடுக்கும். பிறகு நகர்ந்து வந்து பொத்தான் மேல் ஒற்றிவிட்டு மேலே போகும்.

மோகனப்ரியாவைப் பார்த்ததும் தங்கதுரை மெஷினை நிறுத்தினார்.

"என்ன பிள்ள, ரிசப்ஷனை விட்டு இவ்வளவு தூரம் வந்துட்ட? யாரும் செத்துப் போயிட்டாகளா?"

அவள் துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். நடந்ததை அவர் காதுக்கு மட்டும் எட்டுகிற குரலில் சொன்னாள். தங்கதுரை கேட்கக் கேட்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"அட சண்டாளி! எம்.டி.யோட அப்பாவையே அழிச்சுப்புட்டியா?"

"அண்ணே, நம்பரை மட்டும் அடிச்சுக் குடுங்கண்ணே. அந்தப் பக்கம் அப்படியே இருக்கு. போட்டோ எடுத்துத் தகடு பண்ணிடலாம்."

"பண்ணுவோம், பண்ணுவோம். அழாத. முதல்ல இது மெஷின்ல நிக்குதான்னு பாக்கேன்."

பொத்தான் வைக்கிற இடத்தில் எஞ்சினைப் படுக்க வைத்தார். மண்ணை நிரப்பிய பையைக் கீழே கொடுத்து மட்டம் பார்த்தார். உருண்டை சரியான இடத்துக்கு வருகிறதா என்று தெரிய வேண்டும். பெடலை ஒரு மிதி மிதித்தார்.

உருண்டை இறங்கியது. ஒற்றியது. ஏறியது.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். எண் இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு ஹாரன் படம் பதிந்திருந்தது.

"காலையில டிராக்டர் ஆர்டர் ஓடுச்சு" என்றார் தங்கதுரை. "அந்தத் தகட்டை எடுக்க மறந்துட்டேன்." மறுபடியும் பார்த்தார். "நச்சுன்னு விழுந்திருக்கு பாத்தியா? எஞ்சினுக்கு ஹாரன் வேணும்தானே?"

"அண்ணே!"

"சரி சரி. துடைச்சிரலாம்."

அவர் தின்னரில் தோய்த்த துணியோடு வந்தார். ஓங்கித் தேய்க்கப் போனார். மோகனப்ரியா தன்னை அறியாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"தேய்க்காதீங்க. பெயிண்ட்டும் சேந்து வந்துடும். மை இன்னும் காயல. துணியை மேல வெச்சு ஒத்தி ஒத்தி எடுங்க. தின்னர் வேண்டாம், ஐ.பி.ஏ. போதும்."

தங்கதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒற்றி எடுத்தார். ஹாரன் போய்விட்டது. பச்சை தப்பியது. இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

போன் அடித்தது.

"மோகனா, அத்திப்பள்ளி டோல் தாண்டியாச்சு. ஓசூர்ல சார் டிபன் சாப்பிடணும்கறாரு. எஞ்சின் பெட்டிக்குள்ளதானே இருக்கு?"

எஞ்சின் மண்மூட்டை மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

"இருக்கு சார்."

அவள் வாழ்க்கையில் தடுமாறாமல் சொன்ன முதல் பொய் அது.

"சில்க் போர்டு?" என்று கேட்டாள் பின்னாலேயே வந்துவிட்ட சரோஜம்மாள்.

"தாண்டிட்டாங்க."

"பாவி சிக்னலு. வேணும்ங்கறப்ப விட்டுடுது."

மறுபக்கத்தைப் படம் எடுத்துத் தங்கதுரை தகடு செய்தார். எண் ஒரே அளவு, ஊர் ஒரே அளவு, இடைவெளியும் அதே. உருண்டை இறங்கி ஏறியது. மோகனப்ரியா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"கண்ணத் தொற பிள்ள."

திறந்தாள். எண் இருந்தது. ஊர் இருந்தது. பழையதைவிட நன்றாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அதுதான் வம்பு" என்றார் தங்கதுரை.

"எதுண்ணே?"

அவர் எஞ்சினை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். இந்தப் பக்கம் பால் வெள்ளை. அந்தப் பக்கம் கொஞ்சம் மஞ்சளேறிய வெள்ளை. இந்தப் பக்கத்து ஓரங்கள் கத்தி மாதிரி இருந்தன. அந்தப் பக்கத்து எழுத்துகள் லேசாக மேடு தட்டியிருந்தன.

"ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் மாமனார்னா பாக்குறவன் கேக்க மாட்டானா? எம்.டி.க்கு அவுக அப்பா நம்பர் கண்ணுக்குள்ளேயே நிக்குமே."

"இன்னும் கொஞ்சம் மஞ்சள் கலந்து..."

"அதுக்கு இந்தப் பக்கத்தை மறுபடி அழிக்கணும். எத்தனை தடவை அழிப்ப? அந்தப் பக்கத்தையும் அழிச்சுட்டு ரெண்டையும் ஒண்ணுபோல அடிச்சுட்டா சோலி முடிஞ்சது."

மோகனப்ரியா மறுபக்கத்தைப் பார்த்தாள். பழைய எண்ணில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். எம்.டி.யின் அப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்த எண். இதையும் துடைத்துவிட்டால் அப்புறம் உலகத்தில் அது எங்கேயும் கிடையாது. இந்தக் கம்பெனியில் டிராக்டர் ஹாரன் அடிக்கிற மெஷினில் அடித்த எண்தான் இருக்கும்.

"நான் பண்ண மாட்டேன்" என்றாள்.

"நான் பண்ணவா?"

"நீங்களும் வேண்டாம்."

"கொண்டாங்க, நான் பண்றேன்" என்று சரோஜம்மாள் பஞ்சை வாங்கினாள். "பொட்டு வெச்சது நானு. பாவம் எனக்கே வரட்டும்."

ஒரே துடைப்பு. போயே போய்விட்டது. எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று மோகனப்ரியா பஞ்சை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒரு மனிதரின் ஞாபகத்தை இவ்வளவு மட்டமான மையில் யார் அடித்துக் கொடுத்தது?

தங்கதுரை அந்தப் பக்கத்தையும் அடித்தார். இப்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன.

"எடுத்துட்டு ஓடு" என்றார்.

அவள் ஓடவில்லை. நின்று யோசித்தாள். சரோஜம்மாள் தினமும் ஈரத்துணியோடு அந்த அறைக்குள் போகிறவள். அடுத்த வருடமும் ஆயுத பூஜை வரும். மறுபடியும் பொட்டு வைப்பாள், மறுபடியும் யாராவது துடைப்பார்கள். இதே எண்ணை இன்னொரு தடவை இழக்கக் கூடாது.

"அண்ணே, மை இறுகறதுக்கு ஹார்ட்னர் கலந்தீங்களா?"

"பொத்தானுக்குன்னா கலப்போம். பொம்மைக்கு எதுக்கு?"

"ஒத்தி எடுத்துடுங்க. ஹார்ட்னர் கலந்து மறுபடி அடிப்போம். நான் லேப் ஓவன்ல வெச்சுச் சூடு பண்றேன். உடம்பு பித்தளை, தாங்கும்."

"அவுக வந்துருவாக பிள்ள!"

"வரட்டும்."

அந்த ஒரு சொல் அவளுக்கே புதிதாக இருந்தது. தங்கதுரை மறுபேச்சில்லாமல் மையைக் கலந்தார். எவ்வளவுக்கு எவ்வளவு என்று அவள் சொன்னாள். ஈரமான எழுத்தை ஒற்றி எடுத்தார்கள், மறுபடி அடித்தார்கள். அவள் எஞ்சினை இரண்டு கையாலும் ஏந்தி லேப்புக்குக் கொண்டுபோனாள். சூடான ஓவனுக்குள் வைத்துக் கதவை மூடினாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். சரோஜம்மாள் வெளியே நின்று சாமி கும்பிட்டாள்.

போன் அடித்தது.

"மோகனா, சூளகிரி."

வேறு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். சூளகிரியிலிருந்து இங்கே வர என்ன நேரம் ஆகிவிடும்?

எஞ்சினை வெளியே எடுத்தாள். ஆறியதும் சோதித்தாள். ஒட்டும் டேப்பை எண்ணின் மேல் அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரித்தாள். டேப்பில் ஒன்றும் இல்லை. நகத்தால் கீறினாள். நகம்தான் தேய்ந்தது. ஐ.பி.ஏ. தொட்டுத் தேய்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு தின்னரையும் தொட்டுத் தேய்த்தாள். ஈரோடு அசையவில்லை.

இந்தக் கம்பெனியிலிருந்து போகிற எந்தப் பொத்தானும் இவ்வளவு உறுதியாக இருந்ததில்லை. லேப்பின் வாசலில் வந்து நின்ற தங்கதுரை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"நீ ரிசப்ஷன்ல இருக்க வேண்டிய ஆளே இல்ல பிள்ள. எம்.டி.கிட்ட நானே சொல்றேன்."

மோகனப்ரியா சிரித்தாள். காலையிலிருந்து முதல்முறை.

எஞ்சினைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடியபோது கேட்டில் ஹாரன் கேட்டது. ஓடிப்போய் ரிசப்ஷனில் நின்று வணக்கம் சொன்னாள். எம்.டி. புன்னகையோடு அவளைக் கடந்து போனார். கூடவே உயரமாக ஒருவர். இருவரும் முதலில் ஷாப் ஃப்ளோரைப் பார்க்கப் போனார்கள்.

போகும்போது எம்.டி. திரும்பி, வண்டியிலிருந்து இறங்கிய டிரைவர் கரியப்பனைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டினார். கரியப்பன் வெள்ளை யூனிபார்ம் படபடக்க எம்.டி. அறைக்குள் ஓடினார்.

கரியப்பனுக்கு இந்த எஞ்சினைத் தினமும் பார்த்துப் பழக்கம். கண்டுபிடித்துவிடுவாரோ? மோகனப்ரியாவும் பின்னாலேயே போனாள். கதவோரமாக நின்றாள். அவளுக்குப் பின்னால் சரோஜம்மாளும் எட்டிப் பார்த்தாள்.

கரியப்பன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். எஞ்சினை வெளியே எடுத்தார். எண்ணைப் பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மோகனப்ரியா மூச்சை விட்டாள்.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலையும் கொஞ்சம் பஞ்சையும் எடுத்தார். பஞ்சை நனைத்தார். எண்ணின் மேல் வைத்துத் துடைத்தார்.

மோகனப்ரியாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

"அய்யோ கரியப்பா, ஏன் அழிக்கற?" என்று சரோஜம்மாள்தான் கேட்டாள்.

கரியப்பன் பஞ்சை இன்னொரு தடவை நனைத்தார். மறுபடி துடைத்தார். அழுத்தித் துடைத்தார். எஞ்சினைத் தொடையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துத் தேய்த்தார். பஞ்சு பிய்ந்து வந்தது. மேசை மேல் அவர் கொண்டுவந்த புது ஸ்டிக்கர் தாள் தயாராகக் கிடந்தது.

வராண்டாவில் காலடிச் சத்தம் நெருங்கியது. எம்.டி.யின் குரல் ஆங்கிலத்தில் தழுதழுத்தது. உங்கள் ஊர் என்றாலே எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்துவிடும் சார், என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கரியப்பனின் நெற்றியில் வேர்வை வழிந்தது. பாட்டிலை அப்படியே எஞ்சினின் மேல் கவிழ்த்தார். நிமிர்ந்து மோகனப்ரியாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஒவ்வொரு பார்ட்டி வரும்போதும் ஐயாவோட அப்பாவை அவங்கவங்க ஊருக்கு மாத்தி விடறது நான்தாம்மா, எப்பவும் ஒரே துடைப்புல போயிடும், இன்னைக்கு புனே சார் வாசலுக்கே வந்துட்டாரு, இந்த மனுசன் என்னம்மா ஈரோட்ட விட்டு நகரவே மாட்டேங்கறாரு?"